நூறாவது பாய்லர்

வங்கியில் எல்லோரும் அவனை உள்ளங்கை என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதுவும் ஒப்பந்த ஊழியர்களுக்கான தனிப் பட்டியலில், கடைசிப் பக்கத்தில்.

அவன் பார்த்த வேலை அப்படி. வங்கியின் பசுமைக் கடன் பிரிவு, கரி எரிக்கும் பழைய பாய்லரை ஒழித்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் புது மெஷின் வாங்குகிறவர்களுக்குப் பாதி வட்டியில் கடன் கொடுத்தது. பணத்தைக் கொடுக்கும் முன், பழைய பாய்லர் நிஜமாகவே அணைந்துவிட்டதா என்று யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த யாராவது இவன்தான். போவான். பாய்லர் வயிற்றில் கையை வைப்பான். ஜில்லென்று இருந்தால் ஒரு போட்டோ எடுப்பான். ‘கொதிகலன் அணைக்கப்பட்டு, வளாகத்தை விட்டு அகற்றப்படுகிறது’ என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போடுவான். அவ்வளவுதான், நாட்டின் புகையில் ஒரு பாய்லர் குறைந்தது.

வெப்பமானி வாங்கித் தருவதாக வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதற்கான டெண்டர் நான்கு வருடமாகப் பரிசீலனையில் இருந்தது.

வெப்பமானி இல்லாத குறையை முதல் நாளே அனுபவித்தான். முதல் பாய்லர் ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில். உற்சாகமாகப் போய் வலது கையைப் பதித்தான். “தொட்டுடாதீங்க சார், அணைச்சு அரை மணிதான் ஆச்சு” என்று முதலாளி சொன்னது, இவன் போட்ட கூச்சலுக்குப் பிறகுதான் காதில் விழுந்தது. பாய்லரின் இடுப்பில் முக்கோணமாக மூன்று ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவை மூன்றும் உள்ளங்கையில் மூன்று தழும்புகளாக நிரந்தரமாகிவிட்டன.

அவனிடம் நிரந்தரமாக இருந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து பாய்லருக்கு இடது கையை மட்டுமே கொடுத்தான். சூடு கண்ட வலது கையை, கையெழுத்துக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டான்.

பணி நிரந்தரத்துக்கு வங்கி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நூறு பாய்லர். நூறாவது பாய்லர் அணைந்த மறுநாள் ஆணை கைக்கு வரும். இப்போது தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது.

இந்த நிரந்தரத்துக்காக அவனைவிட அதிகம் காத்திருந்தவர் மாமனார். தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் நிரந்தரமாக உட்கார்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், “இவர்தான் என் மாப்பிள்ளை. டெம்பரவரி” என்று அறிமுகம் செய்வார். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு அம்மா, மறுநாளே இவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “மனசைத் தளர விடாதேம்மா” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவிக்கு உத்தியோகம் புகைக் கணக்கு அலுவலகத்தில். நாடு முழுவதும் எரிக்கிற கரி, டீசல், வாயு எல்லாவற்றையும் கூட்டி, வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வானத்துக்குப் போகிறது என்று சொல்கிற இடம். இந்த நகரத்தின் அட்டவணை அவள் மேஜையில். அதில் ஒரு பத்தியில் கரிக்கடைகளின் விற்பனை, இன்னொரு பத்தியில் வங்கி அணைத்த பாய்லர்கள். பாய்லர் குறையக் குறையக் கரியும் அதே அளவு குறைய வேண்டும். அது என்னவோ அடம் பிடித்தது.

“என்னங்க, உங்க தொண்ணூத்தொன்பது பாய்லரும் நிஜமாவே அணைஞ்சுதா?” என்றாள், இரவுச் சாப்பாட்டில்.

“கையை வெச்சுப் பார்த்தவன் நான். என்னையே கேக்கறே?”

“அப்புறம் ஏன் கரி விக்கிறது அந்த அளவுக்குக் குறையல? கணக்குக்கு மேல ரெண்டு லாரி கூடத்தான் போயிருக்கு.”

“விலை ஏறும்னு வாங்கி அடுக்கறாங்களோ என்னவோ.”

“எங்க ஆபீசரும் இப்படித்தான். தசமத்துல வர்ற பிழைன்னு எழுதச் சொல்றார். ரெண்டு லாரி கரி ஒரு புள்ளிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குமா?”

“ஏம்மா, சாப்பிடறப்ப அவரைக் குடையறே? நாளைக்கு நூறாவது. நல்லபடியா போயிட்டு வரட்டும்” என்றார் மாமனார். மாப்பிள்ளைக்குப் பரிந்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது அவனுக்கு.

மறுநாள் காலை, மனைவிக்கு உதவுகிறேன் என்று வெங்காயம் நறுக்கப் போய் இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். பெரிய கட்டாகப் போட்டாள்.

நூறாவது பாய்லர் ஒரு சலவைக்கடையில் இருந்தது. முன்னால் துணி வாங்கும் மேஜை, நடுவில் கொடி கொடியாக நனைந்த போர்வைகள், பின்னால் கொல்லை. சோப்பு வாசனையும் ஈரமும் சேர்ந்து மூக்கை நிறைத்தன. கடையை நடத்துகிற அம்மாள் இடுப்பில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, போர்வைகளை விலக்கி விலக்கி வழி காட்டினாள்.

“நேத்து சாயந்திரமே அணைச்சுட்டேன் சார். ஐஸ் மாதிரி இருக்கு. தாராளமா தொடுங்க.”

கொல்லையில் பாய்லர் நின்றது. பளிச்சென்று கிளிப்பச்சை வர்ணம். கட்டுப் போட்ட இடது கையை நீட்டினான். துணிக்கு மேல் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. வேறு வழியில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகு வலது கையைப் பயந்து பயந்து பாய்லரின் இடுப்பில் வைத்தான்.

ஜில்லென்றுதான் இருந்தது.

ஆனால் கை அங்கே போய் உட்கார்ந்த விதம் சரியில்லை. பழைய செருப்பில் கால் நுழைகிற மாதிரி, வசதியாக, உரிமையோடு உட்கார்ந்தது. கையை எடுத்துப் பார்த்தான். மூன்று ஆணித் தலைகள், முக்கோணமாக. உள்ளங்கையைப் பார்த்தான். மூன்று தழும்புகள். மறுபடி வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது.

“என்ன சார், ஜோசியம் பார்க்கறீங்க?”

“இந்த பாய்லரை எனக்குத் தெரியும்மா.”

“பாய்லர்னா எல்லாம் ஒரே சாயல்தான் சார்.”

“இது எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?”

அந்த அம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஒரு போர்வையை எடுத்து உதறினாள், மடித்தாள், மறுபடி உதறினாள். “மூணு மாசமா” என்றாள்.

“பழைய பாய்லரைப் புதுசா வாங்கினீங்களா?”

“பின்ன? எங்ககிட்டதான் பாய்லரே இல்லையே!” அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. “இருபது வருஷமா பச்சைத் தண்ணியில துவைச்சு வெயில்ல காயப்போடறேன். மழைக்காலத்துல துணி காயல. மின்சார மெஷின் வாங்கலாம்னு உங்க பேங்குக்கு வந்தேன். ‘நீங்க கரி எரிக்கறீங்களா?’ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ‘அப்ப உங்களுக்குக் கடன் கிடையாது, புகை விடறவங்களுக்குத்தான்’னு சொல்லி அனுப்பிட்டாங்க. பழைய பாய்லர் வேணும், மூணு மாசக் கரி பில் வேணும். நான் எங்க போவேன்? பழைய பாய்லரை ஏத்திட்டுப் போற கிரேன் லாரிக்காரர்தான் புண்ணியவான், ஒரு பாய்லர் இருக்கு, கை மாத்தி விடறேன்னார். நீங்க கையெழுத்துப் போட்டதும் அடுத்த பார்ட்டிக்கு அதே விலைக்குக் குடுத்துடலாம்னார். வர்ணம் மட்டும் நம்ம இஷ்டம். நான் பச்சை கேட்டேன்.”

“அந்த மூணு மாசக் கரியை என்னம்மா பண்ணினீங்க?”

“எரிச்சேன் சார்.”

“எதுக்கு?”

“பில்லு இருந்து கரியும் இருந்தா சந்தேகப்படுவீங்களே! அதனால தினம் எரிச்சேன். சும்மா எரிக்க மனசு வரல. தண்ணி காய வெச்சு, தெருவுல எல்லாரையும் குளிக்கச் சொன்னேன். மூணு மாசமா இந்தத் தெருவே சுடுதண்ணியிலதான் குளிக்குது. இப்ப அணைச்சதும் எதிர்வீட்டுக்காரர் என்னோட பேசறதில்ல.”

கையெழுத்து நாளைக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நாளைக்கு அங்கேயே விழா என்று வங்கி மேலாளர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று சாயந்திரம் கூடத்தில் நூறு போட்டோக்களும் தரையில் விரிக்கப்பட்டன. நடந்ததைச் சொல்லி முடித்ததும் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தண்ணீர் குடித்தாள்.

“சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“இல்லைங்க. நாலு வருஷமா என் அட்டவணையில ஓட்டை, ஓட்டைன்னு தேடறேன். அது கிரேன் லாரியில ஊரைச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு.”

மாமனார் தபால் நிலையக் காலத்துப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து தரையில் குந்தினார். அழிந்துபோன முத்திரைகளைப் படித்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இவ்வளவு நல்ல வேலை கிடைத்ததில்லை.

“இதோ, மெழுகுவர்த்தி. சாம்பல் கலர். மூணு ஆணி. இடது பக்கம் ஒரு நசுங்கல். இதோ சாயப்பட்டறை, நீலம். அதே நசுங்கல். இதோ பொம்மைக் கம்பெனி, சிவப்பு. பொம்மை செய்யறவனுக்கு பாய்லர் எதுக்கு மாப்பிள்ளை?”

“அன்னிக்கே கேட்டிருக்கணும் மாமா.”

“ஊதுபத்தி. அதே ஆள். சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நின்னிருக்கான். கல்யாண வீட்டுல ரெண்டு பந்தி சாப்பிடற மாதிரி! இவன் பதினாறு பந்தி சாப்பிட்டிருக்கான்!”

எண்ணி முடித்தார்கள். பதினாறு போட்டோ, ஒரே பாய்லர். மூன்று மாதத்துக்கு ஓரிடம் என்று நான்கு வருடம். முதல் தடவை வலது கையால் தொட்டவன், அடுத்த பதினான்கு தடவையும் இடது கையால், முன்பின் தெரியாதவன் மாதிரித் தொட்டிருக்கிறான்.

“மத்த எண்பத்தினாலும் நிஜமாவே வேற வேற பாய்லர்தான்” என்றார் மாமனார், கண்ணாடியைத் துடைத்தபடி. “அவங்கள்ல பல பேர் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க. இது ஒண்ணுதான் சாக மாட்டேங்குது.”

மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். “இது அணைஞ்சதா நான் பதினஞ்சு தடவை கழிச்சிருக்கேன். ஆனா அது ஒரு நாள்கூட அணையல. அது மட்டுமில்லைங்க. இந்தப் பதினாறு பேர்ல மெழுகுவர்த்திக்காரர் ஒருத்தர்தான் நிஜமா கரி எரிச்சவர். மத்தவங்க எல்லாம் உங்க கடனுக்காக எரிக்கக் கத்துக்கிட்டவங்க.”

“நான் இதைச் சொன்னா நூறு எண்பத்தஞ்சாயிடும். அந்தப் பாய்லரை இப்பவாவது ஒழிச்சாத்தான் எண்பத்தஞ்சே. நிரந்தரம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒப்பந்தத்தையே புதுப்பிக்காம விட்டாலும் விட்டுடுவாங்க.”

மனைவி பூதக்கண்ணாடியை வாங்கி எதையோ பார்த்தாள்.

“மாப்பிள்ளை” என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. “அங்க நூறுன்னு சொல்லிட்டு வாங்க. எண்பத்தஞ்சை நம்ம வீட்டுக்குள்ளயே வெச்சுக்கலாம்.”

காலையில் மேலாளரைப் பார்த்தான். மேலாளரின் அறையில் எல்லாமே பச்சை. நாற்காலி, திரை, பேனா மூடி. மேஜையில் தலைமை அலுவலகம் அச்சடித்த விளம்பரப் புத்தகம் கட்டுக்கட்டாக இருந்தது. பசுமைப் பத்திரம் வெளியிடப் போகிறார்கள். அதில் வருகிற முதலீட்டை வைத்து நாடு முழுவதும் இதே கடன் திட்டம். அட்டையில் கொட்டை எழுத்தில், ‘ஒரே நகரில் 100 பாய்லர்கள் ஓய்வு!’

உள்ளங்கை விஷயத்தைச் சொன்னான். தழும்பைக் காட்டினான். மேலாளர் அதைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தார்.

“இதுல என்ன போட்டிருக்கு? வளாகத்தை விட்டு அகற்றப்படுகிறது. அகற்றினாங்களா, இல்லையா?”

“அகற்றினாங்க சார். பதினஞ்சு வளாகத்தை விட்டு அகற்றினாங்க.”

“அப்ப பதினஞ்சு அகற்றல். இன்னிக்குப் பதினாறாவது. கணக்கு சரியாத்தானே இருக்கு?”

“போய்ச் சேர்ந்த இடத்துல எரிஞ்சுது சார்.”

“எங்க போய்ச் சேருதுங்கறதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையே தம்பி! இல்லாத கட்டத்தை நீங்க ஏன் நிரப்பறீங்க?” சட்டைப் பையிலிருந்து ஒரு உறையைப் பாதி வெளியே இழுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார். “உங்க நிரந்தர ஆணை. நேத்தே கையெழுத்தாகி வந்துடுச்சு. இயக்குநரம்மா கையாலேயே வாங்கிக்கப் போறீங்க. வாங்க, நேரமாச்சு.”

சலவைக்கடைக் கொல்லையில் போர்வைகளை அவிழ்த்துவிட்டுத் தோரணம் கட்டியிருந்தார்கள். பாய்லருக்கு மாலை போட்டிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரம்மா வந்திருந்தார். வெள்ளை முடி, வெள்ளைப் புடவை, கரித்தூள் படாமல் எங்கே நிற்பது என்ற கவலை. மனைவி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம், “மாப்பிள்ளை. இன்னியோட…” என்று ஆரம்பித்து, ஏனோ முடிக்காமல் விட்டார்.

கொல்லை வாசலில் கிரேன் லாரி தயாராக நின்றது. லாரிக்காரர் பாய்லரைச் சுற்றி வந்து அன்பாகத் தட்டிக்கொடுத்தார். இவனைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்தது போல் சிரித்தார்.

“சார், எத்தனை தடவை பார்த்திருப்போம்! நீங்க கையெழுத்துப் போட்டு வெளிய போவீங்க, நான் உள்ள வருவேன்.”

“அடுத்து எங்கே போகுது?”

லாரிக்காரர் ஒரு நீள நோட்டைப் பிரித்தார். “இன்னிக்கு மத்தியானம் புத்தக பைண்டிங். அதுக்கப்புறம் குடை கம்பெனி, பித்தான் கம்பெனி… ரெண்டு வருஷத்துக்கு புக்கிங் சார். நடுவுல ஒரு வாரம் மட்டும் காலி, அப்ப சர்வீஸ் பண்றேன். பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன்.”

பைண்டிங்காரரும் வந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த பசை. “உங்க சாமானை நீங்களே வந்து வாங்கிக்கறீங்களா?” என்று கேட்டான் உள்ளங்கை.

“ஆமாங்க. எனக்குப் பசை காய்ச்ச ஒரு சின்ன மின்சார மெஷின் வேணும், அவ்வளவுதான். கடன் வேணும்னா முதல்ல கரி எரிக்கணுமாமே? எங்க பரம்பரையிலயே யாரும் எரிச்சதில்ல.” அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “நாளைலேர்ந்து எரிக்கப் போறேன். எட்டு மூட்டை கரி இறக்கியாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி.”

உள்ளங்கை பேனாவைக் கையில் எடுத்தான். அந்த எட்டு மூட்டையும் கண் முன்னால் வந்து நின்றன. இத்தனை நாள் அவன் கையெழுத்துப் போட்டால் ஒரு பாய்லர் அணையும் என்று நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், அவன் இங்கே கையெழுத்துப் போடப் போட, அடுத்த தெருவில் ஒருவர் தீக்குச்சி கிழிக்கிறார்.

மேலாளர் ஒலிபெருக்கியில், “நமது நூறாவது பாய்லர்!” என்றார். கைதட்டினார்கள். மேலாளர் ஒலிபெருக்கியை அவனிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையை லேசாகத் தொட்டுக் காட்டினார்.

“இது நூறாவது இல்லைங்க” என்றான். “இது முதலாவது.”

கைதட்டல் பாதியில் தொங்கியது.

ஆணித் தலைகளையும் தழும்பையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். மாலை போட்ட பாய்லர் ஒன்றும் தெரியாத பாவனையில் நின்றது. சலவைக்கடை அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மேலாளர் முகம், அவர் அறையில் இருந்த எதையும் மிஞ்சும் பச்சையாகிவிட்டது.

“அப்ப நிஜமா எத்தனை?” என்று கேட்டார் இயக்குநரம்மா.

“இது இன்னிக்கு ஒழிஞ்சா எண்பத்தஞ்சு. இல்லைன்னா எண்பத்திநாலு.”

“படிவப்படி அகற்றினா…” என்று ஆரம்பித்தார் மேலாளர்.

“படிவத்துல என் கையெழுத்து வேணும் சார். நான் டெம்பரவரிதான். என்கிட்ட இருக்கிறது அந்தக் கையெழுத்து ஒண்ணுதான். இதை வெட்டறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் போடுவேன்.”

“வெட்டறதா!” லாரிக்காரர் ஓடிவந்து பாய்லரைக் கட்டிக்கொண்டார். “சார், இது ஓடற பாய்லர்! இன்னும் முப்பது வருஷம் வரும்!”

“அதுக்குத்தாங்க வெட்டணும்.”

“சார், அதை வித்துத்தானே நான் மெஷினை இறக்க ஆள் கூலி குடுக்கணும்!” என்றாள் சலவைக்கடை அம்மாள். “இரும்பு விலைக்குப் போட்டா பாதிகூட வராது. எனக்குக் கடனே கிடைக்காமப் போயிடுமா?”

“கிடைக்கும்மா. இத்தனை பேர்கிட்ட போச்சு. உங்ககிட்டதான் நிஜமா அணையப் போகுது. பாதி வட்டியில அந்த நஷ்டம் ஒரு வருஷத்துல வந்துடும்.”

அம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. பிறகு பாய்லரிடம் போய் மாலையைக் கழற்றி, உதறி, மடித்து வைத்தாள். பழக்கதோஷம்.

“அப்ப எங்களை மாதிரி ஆளுக்கு?” என்றார் பைண்டிங்காரர், பின்னாலிருந்து. “இதுவரைக்கும் கரி எரிக்காததுதான் என் தப்புங்களா?”

இயக்குநரம்மா அவர் பக்கம் திரும்பினார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு, “வெட்டுங்க” என்றார்.

தெருக்கோடி வெல்டர் வந்தார். பொறி பறந்தது. கிளிப்பச்சை உரிந்து அடியில் மஞ்சள், அதன் அடியில் சிவப்பு, நீலம் என்று பதினாறு வர்ணமும் வரிசையாக வெளியே வந்தன. மாமனார் எழுந்து கிட்டே போய், ஒவ்வொரு நிறத்துக்கும் கம்பெனிப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். “சிவப்பு, பொம்மை. நீலம், சாயப்பட்டறை…” எதிர்வீட்டுக்காரர் மட்டும் வாசலில் துண்டோடு நின்று, கடைசி நம்பிக்கையும் இரண்டு துண்டாவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளங்கை ஆறிய இரும்பில் வலது கையை வைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். மேலாளர் சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்து, இயக்குநரம்மாவிடம் ஏதோ கேட்டு, அவர் தலையசைத்ததும் கைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். “இன்னும் பதினஞ்சு தம்பி” என்றார், ரொம்பத் திருப்தியாக.

ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்கள். ஐயாயிரம் விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலும் 100 மேல் 85 என்று அச்சடித்த ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டும். இரண்டு வாரம் வீட்டுக் கூடமே ஒட்டுத்தாளாக இருந்தது. தபால்தலை ஒட்டிய அனுபவத்தில் மாமனார் ஒரு நாளைக்கு நானூறு ஒட்டினார். “பாருங்க மாப்பிள்ளை, ஓரம் தூக்குது. நிரந்தர ஊழியன் ஒட்டினா இப்படியா இருக்கும்?”

படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. ‘கொதிகலன் வெட்டப்பட்டது.’ அது வந்த அதே வாரம் வெப்பமானிகளும் வந்து சேர்ந்தன, இருநூறு. வெட்டிய பாய்லரில் சூடு பார்க்க எதுவும் இல்லாததால் பண்டகசாலையில் வைத்துப் பூட்டினார்கள். கரி எரிக்காதவர்களுக்கும் கடன் கொடுப்பது பரிசீலனையில் இருந்தது. பைண்டிங்காரர் எட்டு மூட்டைக் கரியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயந்திரம் மனைவி வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. கையில் நாட்டின் மொத்தப் புகைக் கணக்கு.

“இங்க பாருங்க. நம்ம ஊர்ல முதல் தடவையா கரி விக்கிறது கணக்குப்படி குறைஞ்சிருக்கு. ரெண்டு பத்தியும் ஒத்துப்போகுது. இந்த ஊர் குறைஞ்சதால நாட்டுக் கணக்கும் குறைஞ்சிருக்கு.”

“நாட்டுக் கணக்கா? எங்கே?”

அவள் விரல் கோடி டன்களைத் தாண்டி, புள்ளியைத் தாண்டி, சைபர், சைபர் என்று ஆறாவது இடத்தில் போய் நின்றது. அங்கே எட்டு இருந்த இடத்தில் ஏழு இருந்தது.

“இது நீங்க” என்றாள்.

அவன் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார், தூரக் கொண்டுபோனார்.

“ரொம்பச் சின்னதா இருக்கேம்மா.”

“சின்னதுதான். ஆனா பர்மனென்ட்டுப்பா.”

மாமனார் நிமிர்ந்து மாப்பிள்ளையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மாப்பிள்ளை, ரேடியோவைப் போடுங்க, செய்தி கேட்கலாம்” என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா அப்போதுதான் ஏதோ கேட்க வாசலுக்கு வந்தாள். மாமனார் அவளைப் பார்த்தார். “வாங்கம்மா. இவர் என் மாப்பிள்ளை” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.